பாம்பு முட்டைப் பண்ணையில் பதினாறு வருடம்

போன மாதம் பிராண்டேயிலிருந்து நிவேதா என்ற பிள்ளை தொலைபேசி எடுத்தாள். டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு கம்பனியில் அலுவலக வேலை. "அன்ரி, நீங்கள் பாம்புப் பண்ணையில வேலை செய்தனீங்களாம், உண்மையே?" என்றாள். ஓம் என்றேன். தன்னிடம் இரண்டு மலைப்பாம்பு நிற்கிறது, சோடி சேர்த்துக் குட்டி எடுத்து விற்றால் வீட்டுக் கடனில் ஒரு பங்காவது கட்டலாமா என்று கேட்டாள். கேள்வியின் முன்பாதி தமிழிலும் பின்பாதி டெனிஷிலும் வந்தது. "இல்லைப் பிள்ளை" என்றேன். ஏன் இல்லை என்றாள். அடுப்பில் கணவாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகு என்பது இந்தக் கட்டுரை. அவள் கேட்டது விலையைப் பற்றி. எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்தது வேறு விஷயங்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்துப் பெண். பாம்பென்றால் அடிக்கப் பொல்லுத் தேடுகிற சனம் நாங்கள். டென்மார்க்குக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையில் வெட்டுகிற இடத்தில் நின்றேன். வலது தோள் போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று கொமூன் எனும் நகரசபை அலுவலகத்தில் தீர்ப்பாகி, வேலை தேடித் தரும் பெண்மணி ஒரு கடதாசியை நீட்டினார். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை, "சின்ன விலங்குகள்" என்று எழுதியிருந்தது. கோழி அல்லது முயல் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

என் கணவர் சூசை காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார். பழைய பன்றிக் கொட்டகை. கதவைத் திறந்தால் வெளியே பனி, உள்ளே மன்னார் மதியம் போல வெக்கை. சுவர் முழுக்க இழுத்துத் திறக்கும் பிளாஸ்டிக் லாச்சிகள், மருந்துக் கடையில் இருப்பதுபோல வரிசை வரிசையாக. ஹென்னிங் என்ற அந்த நெட்டை மனிதர் ஒரு லாச்சியை இழுத்தார். நான் "யேசுவே" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். கார் போய்விட்டது. சூசை வீடு போய்ச்சேர இருபது நிமிடம், நான் தொலைபேசியில் அழுது அவர் திரும்பி வர இருபது நிமிடம். குளிரில் எவ்வளவு நேரம் நிற்பது? உள்ளே போனேன். ஹென்னிங் என்னைத் தேற்றவில்லை, சிரிக்கவும் இல்லை. பாம்பைத் தராசில் வைத்தார், நிறையைச் சொன்னார், கொப்பியைக் காட்டி "எழுது" என்றார். எழுதினேன். அடுத்ததை எடுத்தார். சூசை வந்து ஹோர்ன் அடித்தபோது முப்பத்தொரு பாம்பு எழுதி முடித்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று நானே அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அவை கொங்கெபைதன் என்று டெனிஷில் சொல்லும் ஆபிரிக்க மலைப்பாம்புகள். விஷம் இல்லை. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். பயந்தால் கடிக்காது, தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். தொட்டால் வழுவழுக்காது, காய்ந்திருக்கும். மூன்று மாதத்தில் பயம் போய்விட்டது, ஆறு மாதத்தில் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்துவிட்டது. பழகிய கதையை இதற்கு மேல் நீட்டப் போவதில்லை.

ஊரவரிடம் மட்டும் சொல்லவில்லை. தமிழ்ப் பூசைக்கு வரும் சனம் கேட்டால், "முட்டைப் பண்ணை" என்போம். பொய்யும் இல்லை. அதனால் வந்த வினை, ஞானம்மா அக்கா பூசை முடிந்து என்னை மறித்து, "தங்கச்சி, உங்கட பண்ணையில ரெண்டு தட்டு முட்டை மலிவா எடுக்கேலாதோ? பிறந்தநாளுக்கு கேக் அடிக்கவேணும்" என்றா. கடையில் இரண்டு தட்டு வாங்கி, விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வருடத்தில் நாலு தடவை கேட்பா, நானும் கொடுப்பேன். அம்மாவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். பதறிப்போய் மடு மாதா கோயில் மண்ணில் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பிவைத்தா. அது கையில் இருந்தால் பாம்பு அணுகாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. பாம்பை அணுகுவதுதான் என்ர வேலை அம்மா என்று எப்படிச் சொல்வது? கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹென்னிங் இருபத்தைந்து வருடம் பன்றி வளர்த்தவர். அதை விட்டுவிட்டுப் பாம்புக்கு மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பாம்பைக் கொஞ்ச மாட்டார், பெயர் வைக்க மாட்டார், எல்லாவற்றுக்கும் இலக்கம். மற்ற வளர்ப்பாளர்கள் தாங்கள் உண்டாக்கிய நிறங்களுக்கு ஐஸ்கிரீம் பெயர்போல இனிக்க இனிக்கப் பெயர் வைப்பார்கள். இவர் "ஒன்பதாம் வரிசை" என்பார், அவ்வளவுதான். டெனிஷில் முதலாளியையும் நீ என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அது கடைசிவரை வாயில் சரியாக வரவில்லை. வீட்டில் நாங்கள் அவரை ஹென்னிங் அண்ணை என்றே சொல்வோம்.

அவருடைய ஒழுங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது முட்டை வேலை. தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். அதை மெதுவாகப் பிரித்து, துணியால் தலையை மூடி, வேறு லாச்சிக்கு மாற்ற வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்கக் கூடாது. கோழி முட்டையைப் போல உருட்டவும் கூடாது. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் கடைசிவரை மேலே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே இருக்கும் கரு செத்துப்போகலாம். அதனால் எடுக்கும் முன்னரே ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு இருட்டறையில் சின்ன டோர்ச்சைப் பிடித்துப் பார்ப்போம். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் சின்னக் கனிம மணிகள் நிரப்பிய பெட்டியில் வைத்து, சூடு மாறாத அலுமாரிக்குள் இரண்டு மாதம்.

செத்த முட்டைக்கு வேறு ஒழுங்கு. வாரத்தில் ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்து, நரம்பு வற்றியதில் பென்சிலால் பெருக்கல் குறி போடுவேன். உடனே எறிய விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்று ஹென்னிங்கின் அக்கா பேர்கிற் வந்து அந்தக் குறி உள்ளவற்றை எடுத்துக் குளிர்ப்பெட்டிக்குள் போடுவார். குறி போடுபவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர், இடையில் ஒரு இரவாவது போக வேண்டும். மனம் மாறினால் பென்சிலை அழித்துவிடலாம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் பெருக்கல் குறியும் பக்கத்தில் "செத்தது" என்ற சொல்லும். பேர்கிற் ஓய்வுபெற்ற ஆசிரியை, பாம்புப் பயம் இல்லாதவர், கண்பார்வைதான் கொஞ்சம் குறைவு. தாளில் உள்ளதை அப்படியே செய்வார்.

இனி நிவேதாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு புது நிறத்தில் முதற் குட்டி வரும் வருடம், அதன் விலைக்கு ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கலாம். ஆனால் அதை வாங்குகிறவர்கள் அழகு பார்க்க வாங்குவதில்லை, தாங்களும் குட்டி எடுத்து விற்கத்தான் வாங்குகிறார்கள். மூன்று நாலு வருடத்தில் அவர்களின் குட்டிகளும் சந்தைக்கு வரும். அப்போது அதே நிறம் ஒரு நல்ல சைக்கிளின் விலை. இன்னும் சில வருடத்தில், கண்ணாடிப் பெட்டியோடு சும்மா தருகிறோம், வந்து எடுத்துப்போங்கள் என்று இணையத்தில் விளம்பரம் வரும். செல்லமாக வளர்க்க வாங்குபவர் ஒருவர்தான் உண்மையான வாடிக்கையாளர். அவருக்கு ஒன்று போதும், அது முப்பது வருடம் இருக்கும். கோழி வாங்கியவர் கறி வைத்துவிட்டு மறுபடி வருவார். பாம்பு வாங்கியவர் வரமாட்டார்.

செலவோ நிற்காது. வருடம் முழுக்கச் சூடு கொடுக்க வேண்டும். உறைய வைத்த எலி வாங்க வேண்டும். ஒரு பெண்பாம்பு முட்டையிடும் வயதுக்கு வர மூன்று வருடம், பிறகும் வருடத்துக்கு ஒருமுறைதான், சில வருடம் அதுவும் இல்லை. ஆகவே இதில் பணம் பண்ணியவர்கள் எல்லாரும் முதலில் வந்தவர்கள். ஒரு நிறத்தை முதலில் கொண்டுவருபவருக்கு ஒரே ஒரு வருடம் கிடைக்கும். ஹென்னிங் அந்த ஒரு வருடத்துக்காக ஒன்பது வருடம் காத்திருந்தார்.

அதுதான் ஒன்பதாம் வரிசை. எலுமிச்சை மஞ்சளில் மங்கிய ஊதாக் கோடு ஓடும் ஒரு நிறம். இரண்டு தனி நிறங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, கடைசியில் ஒரு தாயும் தகப்பனும் தயாராகின. முட்டை இட்டால் நாலில் ஒன்று அந்த நிறத்தில் வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். யாரும் இதுவரை விற்கவில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். அது மின்சாரக் கட்டணம் கண்மண் தெரியாமல் ஏறிய காலம். "இது பொரித்தால் கொட்டகை ஓடும். பொரிக்காவிட்டால் மூட வேண்டும்" என்று ஒருநாள் கோப்பி குடிக்கும்போது சொன்னார். மூடினால் அவருக்கு மட்டுமல்ல, அறுபதை எட்டிப்பிடிக்கும் ஒற்றைத் தோள்காரி எனக்கும் வேறு யாரும் வேலை தரப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவருடைய இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் வந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளி காலை ஒன்பதாம் வரிசைத் தாய் முட்டையிட்டிருந்தது. ஆறு முட்டை.

பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ முட்டைக்குப் புள்ளி போட்டவள் நான். பென்சிலை எடுத்தேன். புள்ளி போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் கோழியை அடைவைக்கும்போது அம்மா ஒவ்வொரு முட்டையிலும் கரியால் சிலுவை அடையாளமாக ஒரு சின்னக் குருசு போட்டு வைப்பா. வேறு கோழி வந்து புதிதாக இட்டுவிட்டால் பிரித்தறிய ஒரு அடையாளம், கூடவே ஒரு மன்றாட்டு. நானும் புள்ளிக்குப் பதிலாக ஆறு முட்டையிலும் ஆறு குருசு போட்டேன். டோர்ச் அடித்தேன். ஆறிலும் நரம்பு ஓடியது. ஹென்னிங்குக்கு "ஆறு, எல்லாம் நல்லம்" என்று செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எனக்கு அப்படி ஒன்று அனுப்பியதில்லை.

திங்கட்கிழமை காலை அலுமாரியைத் திறந்தேன். அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது. பெட்டி கழுவித் தொட்டியடியில் கவிழ்த்துக் கிடந்தது. கொப்பியில் பேர்கிற்றின் அழகான எழுத்து: ஒன்பதாம் வரிசை, ஆறு முட்டை, குறியிடப்பட்டவை, அகற்றப்பட்டன.

குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறும் ஒட்டியபடியே கல்லாக இருந்தன. என் குருசுகளும் அப்படியே இருந்தன. உருண்டையான முட்டையில் கூட்டல் குறிக்கும் பெருக்கல் குறிக்கும் என்ன வித்தியாசம்? பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் ஒன்று மற்றதாகிவிடும். இத்தனை வருடம் அதே கையால் செத்ததற்குப் பெருக்கல் குறி போட்டவள் நான். எனக்கு அது ஏன் மனதில் படவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. பேர்கிற்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். "எனக்கும் மனம் கேட்கவில்லை, ஆனால் ஆறிலும் போட்டிருந்ததே" என்று அந்த மனிசி அழுதார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

செய்தி அனுப்பிச் சொல்கிற விஷயம் இல்லை அது. சூசையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு மேலே போனேன். ஹென்னிங் யன்னலோரக் கட்டிலில் வெளிறிப்போய்ப் படுத்திருந்தார்.

"ஆறு முட்டையும் போய்விட்டது" என்றேன்.

"எப்படி?"

"நான் கிறூஸ் போட்டேன்."

"செத்திருந்தனவா?"

"இல்லை. உயிரோடு இருந்தபடியால்தான் போட்டேன்."

அவர் தலையைத் தூக்க முயன்றார். "உயிருள்ள முட்டைக்கு ஏன் கிறூஸ் போட்டாய்? கிறூஸ் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா?"

"அந்தக் கிறூஸ் இல்லை. கோயில் கிறூஸ்" என்று சொல்லி, கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அது கோர்ஸ்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டெனிஷில் பிழை என்று கீறுகிற பெருக்கல் குறிக்குக் கிறூஸ் என்று பெயர். கோயிலில் நிற்கும் சிலுவைக்குக் கோர்ஸ். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் சிலுவையைக் குருசு என்போம். கிறூஸ் என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து, அட இது எங்கட குருசு என்று நானே முடிவுகட்டி, இத்தனை வருடம் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லி வந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை.

அம்மாவின் கதையையும் கரியையும் கோழியையும் என் உடைந்த டெனிஷில் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "வீட்டுக்குப் போ, றீற்றா" என்றார்.

காரில் ஏறியதும் சூசை கேட்டார். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"ஏசினவரே?"

"ஏசியிருந்தாப் பரவாயில்லையப்பா" என்றேன்.

மூன்று கிழமை நான் கொட்டகைக்குப் போய் வந்தேன். பாம்புகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டுமே. ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டு லாச்சிகளைக் கழுவினேன். பிறகு ஒரு காலை ஹென்னிங் இரண்டு ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"உன் அம்மாவின் முட்டைகள் பொரித்தனவா?"

"ஓம். ஒன்றிரண்டு கூழாகும். மற்றதெல்லாம் பொரிக்கும்."

"எத்தனை வீதம்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நூற்றுக்குத் தொண்ணூறு" என்று ஒரு குத்துமதிப்பில் சொன்னேன். அவர் தலையாட்டினார். புள்ளி போட வேண்டும் என்று தான் வாயால் மட்டும் சொல்லியிருந்ததாகவும், சுவரில் எழுதி வைக்காதது தன் பிழை என்றும் சொன்னார். பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் ஒரு வட்டம் போட்டு "செத்தது" என்று எழுதினார். அதற்குக் கீழே "உயிர்" என்று எழுதிவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார். "நீ வரை" என்றார். கிறிஸ்துமசுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற மனிதர் அவர். நான் ஒரு குருசு வரைந்தேன். பேர்கிற்றுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரை என்றார், இன்னொரு தடவை பெரிதாக வரைந்தேன்.

ஆனால் போனது போனதுதான். அந்தத் தாய் அடுத்த வருடம் முட்டையிடவில்லை. அதற்கடுத்த வருடம் ஐந்து முட்டை இட்டது. அதற்குள் ஹொலண்டில் ஒருவர் அதே நிறத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அந்த ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டார். எங்கள் ஐந்தில் இரண்டு எலுமிச்சை மஞ்சளில் ஊதாக் கோட்டோடு பொரித்து வந்தன. ஹென்னிங் இரண்டையும் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் தராசில் வைக்க மறந்த பாம்புகள் அவை இரண்டும்தான். சைக்கிள் விலைக்கு விற்றோம். நான் புள்ளி போட்டிருந்தால் அந்தக் கொட்டகை இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். அவர் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

பிள்ளை நிவேதா, வீட்டுக் கடனை இதில் கட்ட நினைக்காதே. எந்த விலங்கை வீட்டில் வைத்திருக்கலாம் என்று அரசாங்கம் பட்டியல் போடப்போவதாகவும் இடைக்கிடை பேச்சு வருகிறது. அது வந்தாலும் வராவிட்டாலும் பெரிய கொட்டகைகளின் காலம் முடிந்துவிட்டது. இனி இது உன்னைப்போல இரண்டு வைத்திருப்பவர்களின் கையில்தான் இருக்கும். வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார், பிறகு சோடி சேர். பொரித்துவிட்டு ஆள் தேடாதே. முட்டையைப் பார்க்க ஆசையென்றால் என்னைக் கூப்பிடு, காசு வேண்டாம், நான் வாறன்.

கொட்டகையை மூடிய வருடம் நானும் ஓய்வுக்குப் போனேன். சாமான் விற்ற அன்று, முட்டை அலுமாரியை வாங்க ஓகூஸ் பக்கத்திலிருந்து ஒரு வளர்ப்பாளர் வந்தார். முப்பது வயது இருக்கும், விஷயம் தெரிந்தவர். அலுமாரியை அவரும் சூசையும் வெளியே தூக்கிக்கொண்டு போய் வைத்த பிறகு, அவர் திரும்பி வந்து சுவரில் இருந்த தாளைப் பார்த்து நின்றார்.

"இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? எல்லா இடத்திலும் கிறூஸ் என்றால் செத்த முட்டை. இங்கே உயிருள்ளதற்குக் கிறூஸ் போட்டிருக்கிறீர்களே" என்றார்.

நான் தொட்டியில் லாச்சி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஹென்னிங் ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சுவரடிக்குப் போனார். தாளை மூலை கிழியாமல் கழற்றி நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது கிறூஸ் இல்லை" என்றார். "கோர்ஸ்."